விற்பது ஆசனமா, காட்சியா?

2025 டிசம்பர் 13-ந் தேதி கல்கத்தா ஸால்ட் லேக் ஸ்டேடியத்தில் நிகழ்ந்த அலங்கோலத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உலகப் பிரசித்தி பெற்ற கால்பந்து வீரர் லயனெல் மெஸ்ஸியைக் கண்ணாரக் காணவேண்டும் என்ற ஆசையினால் ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் அங்கே கூடியிருந்தார்கள். அவர் வந்தார்; சிறிது நேரம் மைதானத்தில் நின்றார்; போய்விட்டார். காலரியில் இருந்த ஜனங்களில் பெரும்பாலோர் கண்டது அவரையல்ல. அவரைச் சூழ்ந்து நின்ற பிரமுகர்களின் முதுகுகளைத்தான். பிறகு நாற்காலிகள் பிடுங்கி எறியப்பட்டன. மேற்கு வங்காள முதன் மந்திரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். காட்சிக்கு ஏற்பாடு செய்தவர் கைது செய்யப்பட்டார்.

நாற்காலியை உடைத்தது தவறு. அதற்கு நாம் பரிந்து பேச முன்வரவில்லை. ஆனால் உடைத்தவர்களுடைய ஆத்திரத்தின் அடியில் ஒரு நியாயமான கேள்வி கிடக்கிறது. பணம் கொடுத்து அவர்கள் வாங்கியது எதை? மூன்று மணி நேரம் உட்காருவதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையா? அதைவிட வசதியான நாற்காலி அவரவர் வீட்டிலேயே இருக்கிறது. அவர்கள் வாங்கியது காட்சியை. நாற்காலி அந்தக் காட்சியைக் காண்பதற்கு ஒரு கருவி மாத்திரமே. கல்கத்தாவில் காட்சியை மறைத்தவர்கள் மனிதர்கள். அதுவும் முன்பின் அறிவிப்பின்றி வந்து நின்றவர்கள். மற்றப் பெரிய மைதானங்களில் காட்சியை மறைப்பவை தூண்கள், இரும்பு வலைகள், விளம்பரப் பலகைகள், திரைகள் ஆகியவை. இவை திடீரென்று வந்து நிற்பவை அல்ல. எந்த ஆசனத்திலிருந்து பார்த்தால் எது மறையும் என்பது சீட்டு அச்சாவதற்கு முன்பே மைதான நிர்வாகஸ்தர்களுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் சொல்லாமல் விற்கிறார்கள். இதைப்பற்றித்தான் நாம் இன்று எழுத விரும்புகிறோம்.

சீட்டு விற்பனை இப்பொழுது நடைபெறும் விதத்தைக் கவனியுங்கள். பெரிய கிரிக்கெட் பந்தயம் என்றால் விற்பனை இணையத்தின் மூலமாகவே நடக்கிறது. குறித்த மணிக்கு லட்சக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் மோதுகிறார்கள். ஒருவருடைய முறை வந்ததும் அவருக்குக் கிடைப்பது சில நிமிஷங்களே. அந்தச் சில நிமிஷங்களில் அவர் முன்னால் தோன்றுவது வட்டமான ஒரு படமும், அதில் சில எழுத்துக்களும், எழுத்துக்களுக்கு எதிரே விலையுமாம். சென்னை சேப்பாக்கம் மைதானத்தை எடுத்துக்கொண்டால் ஸி, டி, இ என்றும் ஐ, ஜே, கே என்றும் பகுதிகள். அவற்றில் மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று பிரிவுகள். எந்தப் பகுதியிலிருந்து ஆடுகளம் எந்தக் கோணத்தில் தெரியும், மாலை வெயில் எங்கே விழும், முன்னால் வலை இருக்கிறதா என்பவற்றைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்தவர் வாங்கிவிடுவார். ஆகவே விலையைப் பார்த்து, விலை அதிகமான இடமே நல்ல இடமாயிருக்கும் என்று நம்பி, அகப்பட்டதை வாங்குகிறார்கள். விலைக்கும் பார்வைக்கும் அப்படி ஒரு நிச்சயமான சம்பந்தம் இல்லை என்பது பந்தயத்தன்றுதான் தெரியவருகிறது. குளிர்ந்த அறை, சாப்பாடு, பிரமுகர்களின் பக்கத்தில் இருக்கும் பெருமை, இவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான் விலை வைக்கப்படுகிறது.

சேப்பாக்கத்தின் பெயரை நாம் எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1916-ஆம் வருஷத்திலிருந்து இருந்துவரும் மைதானம் அது. 1934-இல் அங்கே முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது. 1952-இல் இந்தியா தனது முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்தின் மீது அடைந்தது அந்த மண்ணிலேதான். 1986-இல் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய டெஸ்ட் இரு தரப்பும் சமமாக முடிந்தது. 1999-இல் பாகிஸ்தான் கோஷ்டி பன்னிரண்டு ஓட்டங்களில் இந்தியாவை வென்றபொழுது காலரி முழுவதும் எழுந்து நின்று கைதட்டிற்று. எதிரியின் ஆட்டத்தையும் தரம் கண்டு மெச்சத் தெரிந்த ஜனங்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆட்டம் சரியாகத் தெரியவேண்டும் என்று கேட்பது ஒன்றும் பேராசையாகாது.

அங்கே பழைய காலரிகளில் கூரையைத் தாங்கிய தூண்கள் பலருடைய பார்வையைக் கெடுத்துவந்தன. 2011 உலகக் கோப்பையை ஒட்டிக் கட்டிய புதிய பகுதிகளில் கம்பி வடங்களால் இழுத்துக் கட்டிய மெல்லிய கூரையைப் போட்டுத் தூண்களை ஒழித்தார்கள். கடற்காற்று உள்ளே வருவதற்கும் இடைவெளி விட்டார்கள். நல்ல வேலை, பாராட்டுகிறோம். ஆனால் அவ்வாறு கட்டிய ஐ, ஜே, கே என்ற மூன்று பகுதிகளும், கட்டட அனுமதி பற்றிய தகராறினால், பல வருஷங்கள் பூட்டிக் கிடந்தன. தூணில்லாத ஆசனங்கள் காலியாகக் கிடக்க, ஜனங்கள் சீட்டுக் கிடைக்காமல் வெளியே நின்ற விந்தை சென்னையில் நடந்தது! 2021 பிப்ரவரியில் இங்கிலாந்து டெஸ்டின்பொழுதுதான் அவை மறுபடியும் திறக்கப்பட்டன. 2023-இல் புதிதாக ஒரு பெரிய காலரியும் எழுந்தது. இப்பொழுது சுமார் 38,000 பேர் உட்காரலாம்.

இந்த 38,000 ஆசனங்களும் ஒன்றுபோல் இருக்க முடியாது. எந்த நாட்டு மைதானத்திலும் இருக்க முடியாது. வித்தியாசம் எதனால் உண்டாகிறது என்பதை வாங்குகிறவர் அறிந்துகொள்ள வேண்டும்.

கிரிக்கெட் பந்தின் குறுக்களவு ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆடுகளத்தின் நீளம் 22 கஜம். எல்லைக் கோடு ஆடுகளத்தின் மத்தியிலிருந்து 65 முதல் 90 கஜம் வரை இருக்கலாம் என்பது சர்வதேச விதி. ஆகவே முதல் வரிசையில் இருப்பவரும் மட்டை பிடிப்பவரிடமிருந்து எண்பது மீட்டர் தள்ளித்தான் இருக்கிறார். அந்தத் தூரத்தில் பந்து கண்ணுக்குத் தெரியும் அளவு, பூர்ண சந்திரனுடைய அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. மேல் தட்டின் கடைசி வரிசையில், சுமார் 130 மீட்டரில், பதினாறில் ஒரு பங்கு. குறைகிறது என்பது உண்மை. ஆனால் கண்ணிலிருந்து மறைந்துவிடவில்லை. தூரத்தினால் ஏற்படும் நஷ்டத்தை ஜனங்கள் மிகைப்படுத்தி எண்ணுகிறார்கள். "முதல் வரிசை கிடைத்தது" என்று பூரித்துப் போகிறவர் பெரும்பாலும் ஏமாறுகிறார். ஏன் என்பதைச் சொல்கிறோம்.

கண் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், பந்து போடுகிறவருக்கு நேர் பின்னாலிருந்து பார்க்கும் பொழுது, 20 மீட்டர் நீளமுள்ள ஆடுகளம் ஒரு கோடு போலச் சுருங்கிவிடும். பந்து எங்கே குத்தியது, குட்டையாகவா நீளமாகவா என்று கண்டுபிடிப்பது அசாத்தியம். அதே திசையில் இன்னும் இருபது மீட்டர் பின்னால் போய், ஆனால் இருபது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து பார்த்தால், அந்த ஆடுகளம் சுமார் ஆறு மடங்கு விரிந்து தெரியும். இது கணக்கு, அபிப்பிராயம் அல்ல. தரையை ஒட்டிய வரிசைகளில் அமர்ந்தவருக்குத் தம் முன்னால் எல்லைக் கோட்டில் நிற்கும் ஆட்டக்காரருடைய முகம் நன்றாகத் தெரியும். அவரை அழைத்தால் திரும்பிப் பார்த்தும் சிரிக்கலாம். ஆட்டம் தெரியாது. அதோடு நம் நாட்டு மைதானங்கள் பலவற்றில் கீழ் வரிசைகளுக்கு முன்னால் இரும்பு வலை நிற்கிறது. ஜனங்கள் மைதானத்துக்குள் பாயாதிருப்பதற்காக வைத்தது. வலைக்குள்ளிருந்து ஆட்டத்தைப் பார்ப்பது எவ்வளவு ரம்மியமானது என்பதை மிருகக்காட்சிசாலையில் அடைபட்ட ஜீவன்களே சொல்லவேண்டும். சிறுவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பெரியவர் கண்ணுக்குத் தப்பும் கம்பி பிள்ளையின் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும்.

திசையைப் பற்றி ரசிகர்களுக்குள் தீராத வாதம் உண்டு. பந்து போடுகிறவரின் கைக்குப் பின்னால், அல்லது அதற்கு நேர் எதிரே, சற்று உயரத்தில் இடம் கிடைத்தால் பந்து உள்ளே வளைகிறதா, வெளியே போகிறதா, குத்தியபின் எவ்வளவு திரும்புகிறது என்பதெல்லாம் பிரத்தியட்சமாகத் தெரியும். சுழற்பந்துக்குப் பெயர்போன சேப்பாக்கத்தில் ஐந்து நாள் பந்தயத்தை அனுபவிக்க விரும்புகிறவருக்கு இதைவிட மேலான இடம் கிடையாது. பக்கவாட்டில் இருப்பவருக்கு அந்த நுட்பம் போய்விடும். ஆனால் பந்தின் வேகமும், அது எழும் உயரமும், ஓட்டம் எடுப்பவர் கோட்டை எட்டினாரா இல்லையா என்பதும் அவருக்குத்தான் தெரியும். இருபது ஓவர் பந்தயத்துக்குப் போகிறவர் பக்கவாட்டில் உட்காருவதனால் அதிகம் இழப்பதில்லை என்பது நமது அபிப்பிராயம். அங்கே பந்து வளைவதைவிடக் காலரியில் வந்து விழுவதுதானே அதிகம்!

நேர் பின்புறத்தில் இடம் வாங்குகிறவர் ஒன்று விசாரித்துக்கொள்ள வேண்டும். மட்டை பிடிப்பவருடைய கண்ணுக்குப் பந்து தெளிவாகத் தெரிவதற்காக அங்கே பெரிய திரை ஒன்று நிற்கும். அதற்குப் பக்கத்திலும் சற்றுப் பின்னாலும் உள்ள கீழ் ஆசனங்களிலிருந்து பாதி மைதானம் மறைந்துவிடும். இவ்வரிகளை எழுதுகிறவர் ஒரு சமயம், பெயர் சொல்ல வேண்டாத ஒரு மைதானத்தில், உயர்ந்த விலை கொடுத்து அப்படிப்பட்ட ஆசனம் ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டார். அன்று முழுவதும் அவர் ஆட்டத்தை அறிந்தது பக்கத்தில் இருந்தவர்களுடைய கூச்சலைக்கொண்டுதான். அங்கிருந்த சிப்பந்தியிடம் முறையிட்டதற்கு, "பெரிய திரையில் திருப்பிக் காட்டுவார்கள், அதைப் பாருங்கள்" என்று சமாதானம் கிடைத்தது. திருப்பிக் காட்டுவதைப் பார்ப்பதற்கு வீட்டுத் தொலைக்காட்சி போதாதா?

முன்னால் இருப்பவருடைய தலை மறைக்கும் சங்கடத்துக்கும் கட்டட சாஸ்திரிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். பின்னால் இருப்பவருடைய பார்வைக் கோடு முன்னால் இருப்பவருடைய கண்மட்டத்துக்கு எவ்வளவு மேலாகப் போகிறது என்று அளக்கிறார்கள். 60 மில்லிமீட்டர் இருந்தால் சகிக்கலாம். 90 இருந்தால் நல்லது. 120 இருந்தால் உத்தமம். காலரி செங்குத்தாக ஏற ஏற இந்த அளவு கூடும். ஆனால் மிகவும் செங்குத்தானால் ஜனங்கள் உருண்டு விழுவார்கள். ஆகையால் 34 பாகைக்கு மேல் போகலாகாது என்று இங்கிலாந்தின் மைதானப் பாதுகாப்பு நூல் வரம்பு கட்டுகிறது. இந்தக் கணக்கு முழுவதும் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. நமது ஊரில் முதல் வரிசையில் ஒருவர் கொடியுடன் எழுந்தால் நாற்பதாம் வரிசைவரை எழுந்தாக வேண்டும். அதற்குச் சட்டம் செய்து பயனில்லை. கொடி பிடிக்கும் அன்பர்கள்தாம் இரங்கவேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மாலைச் சூரியன் ஆடுகிறவர் கண்ணில் விழாமலிருப்பதற்காக ஆடுகளத்தைப் பொதுவாக வடக்குத் தெற்காகவே அமைக்கிறார்கள். ஆடுகிறவருக்குக் கிடைத்த இந்தச் சலுகை பார்ப்பவருக்குக் கிடையாது. மாலை மூன்றரை மணிக்குத் தொடங்கும் சித்திரை மாதப் பந்தயத்துக்குக் கிழக்குக் காலரியில் சீட்டு வாங்கினவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சூரியநமஸ்காரம் செய்துகொண்டிருக்க வேண்டும். சூரியனை முதுகுப்புறமாக வைக்கும் மேற்குக் காலரியே பகற் பந்தயத்துக்கு ஏற்றது. கூரை இருக்கிறது என்று படத்தில் கண்டு மயங்கவேண்டாம்; சாய்ந்த வெயில் கூரைக்குக் கீழே நுழைந்து வரும். ராத்திரிப் பந்தயமானால் இந்தக் கவலை இல்லை.

இதுவரை சொன்னவை சௌகரியத்தைப் பற்றியவை. உயிரைப் பற்றிய விஷயம் ஒன்று உண்டு. 2025 ஜூன் 4-ந் தேதி பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாயில்களில் 11 பேர் நெரிசலில் மாண்டார்கள். வெற்றிக் கொண்டாட்டத்துக்கு உள்ளே போக யாருக்கு அனுமதி, எந்த வாயில் வழியாக என்பதில் ஏற்பட்ட குழப்பத்தினிடையே, கொள்ளக்கூடியதைவிடப் பன்மடங்கு ஜனங்கள் வாயில்களில் முண்டினார்கள். 1971 ஜனவரி 2-ந் தேதி ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்து ஐப்ராக்ஸ் மைதானத்தில் பந்தயம் முடிந்து இறங்கிய ஜனங்கள் ஒரே படிக்கட்டில் விழுந்து 66 பேர் இறந்தார்கள். நாம் மேலே சொன்ன இங்கிலாந்தின் பாதுகாப்பு நூல் அந்த விபத்தின் விசாரணையிலிருந்து பிறந்ததுதான். நம்மிடையில் விசாரணைகளுக்குக் குறைவில்லை. அவற்றிலிருந்து சாதாரணச் சீட்டு வாங்குகிறவன் கையில் வைத்துப் படிக்கக்கூடிய ஒரு தாளாவது வெளிவந்ததா என்று கேட்கிறோம். ஆசனத்தைத் தேர்ந்தெடுக்கும்பொழுதே அதற்கு எந்த வாயில், வாயிலிலிருந்து எத்தனை படி, வெளியேற வேறு வழி உண்டா என்று அறிந்துகொள்ள வேண்டியது அவசியம். வயது முதிர்ந்தவர்களுடனும் குழந்தைகளுடனும் போகிறவர்கள், பார்வை சற்றுக் குறைந்தாலும், வெளியேறும் வழியை ஒட்டிய வரிசையின் ஓர ஆசனத்தையே வாங்குவது நலம்.

சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன்னால் ரோமாபுரியில் கட்டிய கொலோசியம் என்ற வட்ட அரங்கத்தில் 80 வாயில்கள் இருந்தன. அவற்றில் 76-க்கு எண்கள் செதுக்கியிருந்தார்கள். சில எண்களை இன்றும் காணலாம். எந்த வாயிலில் நுழைந்தால் எந்தப் படியில் போய் உட்காரலாம் என்பது அங்கே வந்தவனுக்குத் தெளிவாயிருந்தது. ஆனால் பிரபுக்கள் கீழே, சாமானியர்கள் மேலே, பெண்களும் அடிமைகளும் உச்சியில் என்று பிறப்பையும் அந்தஸ்தையும் பார்த்தே இடம் பிரித்தார்கள். அந்த ஏற்றத்தாழ்வை நாம் கைவிட்டுவிட்டோம் என்று பெருமைப்படலாம். இப்பொழுது பணம் மாத்திரமே பார்க்கிறோம்! வாயிலுக்கு எண் போட்டுத் தெரிவித்த ஒழுங்கைத்தான் இன்னும் முழுமையாக எட்டவில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லும்பொழுது சர்க்காரின் பங்கையும் மறக்கலாகாது. 2025 செப்டம்பர் 22-ந் தேதியிலிருந்து ஐ. பி. எல். பந்தயச் சீட்டுகளுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 40 ஆகிவிட்டது, அதற்குமுன் 28. ஆயிரம் ரூபாய்ச் சீட்டு வரியுடன் 1,400 ரூபாய். ஆடம்பரப் பொருள்களுக்குரிய வரி இது. ஆடம்பர வரி கொடுத்தவன் தூணுக்குப் பின்னால் உட்கார வேண்டுமானால், அவன் எந்த ஆடம்பரத்துக்காக வரி கொடுத்தான் என்பதை நிதி மந்திரிகள் கூடிய சபையே விளக்கவேண்டும்.

வேறு நாட்டில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் 2015-இல் இயற்றிய நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, சீட்டை மறுவிற்பனை செய்பவர்கூட எந்தப் பகுதி, எந்த வரிசை, எந்த ஆசனம், அச்சிட்ட விலை என்ன, உபயோகிப்பதில் கட்டுப்பாடு ஏதாவது உண்டா என்று வாங்குகிறவருக்குத் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டிலும் சட்டம் இல்லாமற் போகவில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறிந்துகொள்வது வாங்குகிறவருடைய உரிமை என்றே சொல்கிறது. சேவைக்கும் அது பொருந்தும். பத்து ரூபாய் பிஸ்கோத்துப் பொட்டலத்தின் மேல் எடையை அச்சிடவேண்டியிருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் ஆசனத்தின் மேல் "இங்கிருந்து வலப்புறம் தெரியாது" என்று ஒரு வரி அச்சிடுவதில் என்ன கஷ்டம்?

கிரிக்கெட் சங்கங்கள் தனியார் ஸ்தாபனங்கள், தங்கள் இஷ்டப்படி விற்பார்கள் என்று சிலர் வாதிக்கலாம். இந்தியக் கிரிக்கெட் போர்டு செய்வது பொதுக் காரியம், ஆகையால் அது நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு உட்பட்டது என்று 2015 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது. சேப்பாக்கம் மைதானம் நிற்பதும் சர்க்காரிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற பூமியிலே. பொது நிலத்தில் பொதுக் காரியம் செய்பவர்கள், மொத்த ஆசனங்களில் அங்கத்தினருக்கும் விளம்பரதாரருக்கும் பிரமுகர்களுக்கும் ஒதுக்கியவை எத்தனை, பொதுஜனங்களுக்கு விற்பவை எத்தனை என்ற கணக்கைக்கூட விற்பனைக்கு முன் வெளியிடுவது வழக்கமில்லை. நல்ல ஆசனம் கிடைக்கவில்லை என்று வருந்துகிறவன், நல்ல ஆசனம் விற்பனைக்கு வந்ததா என்றாவது அறியவேண்டாமா?

விற்பனை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாக மூன்று காரியங்கள் நடக்கவேண்டும். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஆடுகளம் எப்படித் தெரியும் என்று உண்மையான போட்டோவுடன் படம் வெளியிடவேண்டும். பார்வை மறையும் ஆசனங்களுக்கு அந்தக் குறிப்போடு பாதி விலை வைக்கவேண்டும். சொல்லி விற்றால் அந்த விலைக்கு மனமொப்பி வாங்குவதற்கும் ஆள் உண்டு. ஒதுக்கீட்டின் கணக்கைப் பகிரங்கப்படுத்த வேண்டும். இவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு தீர்மானம் போதும்.

அதுவரை ஜனங்கள் சும்மா இருக்கவேண்டியதில்லை. ஊர்தோறும் உள்ள வாலிபர் சங்கங்களும் நுகர்வோர் சங்கங்களும், மைதானத்துக்குப் போய்வந்தவர்களைக் கேட்டு, பகுதிவாரியாகக் குறிப்பெடுத்து, துண்டுப் பிரசுரமாகவே போடலாம். ஏமாந்தவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையில் மதிப்புள்ள முறையீட்டுக்கு அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. கையில் சீட்டும், ஆசனத்தில் அமர்ந்தபடி அன்றைக்கே எடுத்த போட்டோ ஒன்றும் இருந்தால், மனுவை எழுதி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.